இரவல் போன ஆள்

5-12, ஞாயிறு

மழை. விட்டு விட்டு. ஷெட் கூரை ஒழுகுவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை, ரிப்பேருக்குப் பிரித்துப் போட்ட பண்ணை பம்பு எஞ்சின் மேலேயே சொட்டுகிறது. கோணியைப் போட்டு மூடினேன். கோணியும் நனைந்து எஞ்சினும் நனைந்தது.

செய்ய வேண்டியது:
பண்ணை எஞ்சின், கேஸ்கெட்.
மேலத்தெருக்காரன் எஞ்சின், நாஸில் அடைப்பு. மூன்றாம் தடவை. டீசலோடு மண்ணெண்ணெய் கலக்காதே என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, அவனுக்குக் காது வலிக்கவில்லை.
ரேடியோவுக்கு பாட்டரி.
அஞ்சலைக்குத் தபால் கவர்.

சண்டை தொடங்கி மூன்றாம் நாள். ஸ்டேஷன் டீக்கடையில் ராமலிங்கம் வாத்தியார் பள்ளிக்கூடத்து உலகப் படத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். சாக்பீஸ் வேறு. நான் போனதும் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், தளபதி வந்த மாதிரி.

"செல்லையா, நீ கப்பல்ல இருந்தவன். கராச்சி எங்க இருக்கு, சொல்லு."

"போன வாரம் இருந்த எடத்துலதான் சார் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பதினைந்து வருஷம் பாய்லர் ரூமில் வெந்தவன் நான். அங்கே ஜன்னல் கிடையாது. கராச்சியையும் பார்த்ததில்லை, கடலையே சரியாகப் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

தங்கச்சி அஞ்சலைக்கு இரண்டு வேளையும் நம் வீட்டில்தான் சாப்பாடு. என் பெண்டாட்டி பாக்கியம்தான் கூப்பிட்டாள். புருஷன் கப்பலில் இருக்க, தனியாக உட்கார்ந்து ரேடியோ கேட்டால் பைத்தியம் பிடிக்கும் என்றாள். இங்கே கூட்டாக உட்கார்ந்து பிடிக்கட்டும்.

7-12, செவ்வாய்

வெயில் வந்தது. கேஸ்கெட் வரவில்லை.

டீக்கடையில் ஆடு எண்ணுகிற மாதிரி கப்பல் எண்ணுகிறார்கள். அவனுக்கு இத்தனை போச்சு, இன்னும் இத்தனைதான் பாக்கி. வாத்தியார் படத்தில் கடல் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுகிறார். நம் ஆட்கள் அடித்திருக்கிறார்கள், எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஆனால் அந்தக் கப்பலிலும் கீழே ஒருத்தன் பாய்லர் பக்கத்தில் நின்றிருப்பான். அதைச் சொன்னால் தேசத்துரோகி என்பார்கள். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். டீயில் சர்க்கரை இல்லை.

அஞ்சலை மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதினாள். கவரில் மேல்விலாசம் எழுத என்னிடம் கொடுத்தாள். பேர், நம்பர், கப்பல் பேர், பம்பாய் கடற்படைத் தபால். கப்பல் பேரை இந்த நோட்டில் எழுத மாட்டேன், பழைய பழக்கம் விடவில்லை.

"இந்த விலாசத்துக்குப் போட்டா அவரு கையில போய்ச் சேந்துருமாண்ணே?"

"எங்க இருந்தாலும் சேரும்."

பக்கத்து வீட்டு ராஜம்மாள் வாசலில் நின்று, "கப்பலுக்குக் கதவு நம்பர் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை துரைராசு காது வேலை. காதில் குழாயை மாட்டிக்கொண்டு, தண்ணீருக்கடியில் நீர்மூழ்கி வருகிறதா என்று கேட்கிற வேலை. சேர்ந்த புதிதில் அவனும் என்னை மாதிரி பாய்லருக்குத்தான் போக இருந்தான். நான்தான் மாற்றினேன். "கீழ இருக்கிறவன் ஏறி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். நீ மேல இருக்கிற வேலையாப் பாரு" என்றேன். அப்போது எனக்கு மைத்துனன் ஆவான் என்று தெரியாது. நல்ல பையன் என்று தோன்றியது, சொன்னேன்.

9-12, வியாழன்

காரியக்காரர் வந்தார், பண்ணையாரின் நிலபுலத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். இனி இந்த நோட்டில் கா.கா., அந்த ஆளுக்கு முழுசாக எழுத மை வீண். எஞ்சின் கேட்டு வந்தாரா என்றால் இல்லை. அஞ்சலையின் அஞ்சு மா நிலத்துக்காக வந்தார்.

விஷயம் இது. அந்த அஞ்சு மாவும் பண்ணை நிலம், மாப்பிள்ளைக்குக் குத்தகை. அவன் அப்பா காலத்திலிருந்து. குத்தகைப் பதிவு வந்தபோது தாலுகா ஆபீசில் துரைராசு பேரில் பதிந்துவிட்டோம். அதிலிருந்து ஆளைக் கிளப்ப முடியாமல் பண்ணைக்கு வயிற்றெரிச்சல். ஆள் கப்பலில், பயிர் வைப்பது அஞ்சலை.

"என்னப்பா செல்லையா. பேரு இருக்கிறவன் கடல்ல கெடக்கான். பொம்பளப் புள்ளை தனியா எத்தனை நாளைக்கு மல்லுக்கட்டும்? தை அறுப்புக்கு முன்னால விட்டுட்டேன்னு ஒரு கையெழுத்து. நானே காகிதம் எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

"அவன் கப்பல்ல கெடக்கிறது உங்களுக்காகவும்தாங்க."

"அதுக்கு நான் இல்லேன்னா சொன்னேன்?"

முன்பெல்லாம் 'டேய்'. கப்பலிலிருந்து வந்த பிறகு 'என்னப்பா'. 'வாங்க'வுக்கு இன்னும் எத்தனை கப்பல் ஏற வேண்டுமோ.

சாயங்காலம் விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர்கள் ஊர்வலம். தை அறுப்புக் கூலியை இப்போதே பேச வேண்டும் என்று. வெளியூர் ஆளை இறக்குவேன் என்று பண்ணை சொல்கிறதாம். நாற்சந்தியில் போலீஸ் வேன். இந்தப் பக்கம் உழுதவனுக்கு நிலம் என்று கோஷம், அந்தப் பக்கம் யுத்த நிதி உண்டியல் குலுக்கல், நடுவில் மேலத்தெருக்காரன் அதே நாஸிலைத் தூக்கிக்கொண்டு வருகிறான். நாலாம் தடவை.

12-12, ஞாயிறு

தஞ்சாவூர் போனேன், கேஸ்கெட்டுக்கு. ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். கேட்டால் சண்டை என்கிறான். சண்டை இல்லாத போதும் தாமதம்தான், அப்போது காரணம் சொல்ல மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேஸ்கெட் இல்லை. ரஹ்மத்துல்லா பாய் கடைக்குப் போனேன். கடற்படையில் சிக்னல்காரர், எனக்கு மூன்று வருஷம் மூத்தவர், இப்போது ரேடியோ ரிப்பேர். கடையில் ஒருத்தன் நின்று, "பாய், யாரு ஜெயிக்கணும்னு ஆசைப்படுறீங்க?" என்று இளித்தான். பாய் அவன் ரேடியோவைத் தட்டிப் பார்த்து, "உன் வால்வு போயிடுச்சு தம்பி, புதுசு வாங்கு" என்றார். அவன் போனதும் என்னிடம்: "பதினெட்டு வருஷம் நான் யாரு கப்பல்ல கொடி ஆட்டினேன்னு அவனுக்கு யாரு சொல்றது."

பிறகு கதவைப் பாதி சாத்தினார். வெளிநாட்டு ரேடியோவில் கேட்டாராம். மேற்கே நம் கப்பல் ஒன்று போய்விட்டதாம். நீர்மூழ்கி அடித்து. பேரைச் சொன்னார்.

கடைசி நாலு வருஷம் நான் இருந்த கப்பல்.

"பொய்யா இருக்கும் பாய்."

"பொய்யாத்தான் இருக்கணும்."

பாய் டீ வாங்கிக் கொடுத்தார். கேஸ்கெட்டுக்கு வேறு கடை சொன்னார், அங்கேயும் இல்லை.

13-12, திங்கள்

உண்மைதான். ரேடியோ, பேப்பர் எல்லாவற்றிலும். வியாழக்கிழமை ராத்திரி. நிறைய பேர் திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் நாஸிலைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தேன்.

பாய்லர் ரூமில் ஏணி, பன்னிரண்டு படி, மேலே வட்டக் கதவு. கண்ணை மூடினால் கை தானாகப் படியைத் தேடுகிறது. அந்தப் பன்னிரண்டும் இப்போது எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறதோ.

என் பழைய கப்பல் என்று வீட்டில் சொல்லவில்லை. மூன்று கப்பலில் இருந்தேன், எது எது என்று இவர்களுக்குப் பேர் தெரியாது. அஞ்சலைக்குத் தெரிந்த பேர் ஒன்றே ஒன்று, மாப்பிள்ளை கப்பலின் பேர். பேப்பரில் அந்தப் பேர் இல்லை என்றதும் அவளுக்கு உயிர் வந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். தெருவே சந்தோஷப்பட்டது. "நம்ம மாப்பிள்ளை கப்பல் இல்லை" என்று ராஜம்மாள் தெருக்கோடி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நான் தேங்காய்ச் சில்லை வாங்கி அப்படியே வைத்துவிட்டேன். கப்பல் வழக்கம் இவர்களுக்குத் தெரியாது. காது வேலைக்காரன் எல்லாக் கப்பலிலும் குறைச்சல். ஒரு கப்பலில் ஆள் படுத்துவிட்டால் பக்கத்துக் கப்பலிலிருந்து இரவல் வாங்குவார்கள். பத்து நாள், பதினைந்து நாள். போகிறவன் பையைத் தூக்கிக்கொண்டு பலகை தாண்டிப் போவான், அவ்வளவுதான். பேர், சம்பளம், தபால் எல்லாம் தாய்க் கப்பலிலேயே இருக்கும். ஒருத்தன் பேர் பதிவில், இன்னொருத்தன் கால் சேற்றில் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், தாலுகா ஆபீசுக்கே தெரியும். கப்பல் என்றால் மட்டும் விலாசத்தில் இருக்கிறவன் விலாசத்திலேயே இருப்பான் என்று நினைக்கிறார்கள்.

எத்தனையோ கப்பல், எத்தனையோ காது வேலைக்காரன். அவனைத்தான் இரவல் வாங்கியிருக்க வேண்டும் என்று என்ன? ஒன்றுமில்லை.

டீக்கடையில் சண்டை போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

வாத்தியார்தான் ஆரம்பித்தார். "வருத்தந்தான். ஆனா ஒண்ணுதானே போச்சு. நம்மகிட்ட இன்னும் எத்தனை இருக்கு."

"சார், பண்ணையில எத்தனை எஞ்சின்?"

"நாலு இருக்கும்."

"ஒண்ணு வெடிச்சா?"

"மூணு."

"மூணு இல்ல சார். நாலோட தண்ணியை மூணு இறைக்கணும். பகல் பூரா ஓடும். ஆற விடமாட்டான். ரெண்டாவது எஞ்சின் எட்டாம் நாள் என் ஷெட்டுக்கு வரும். எனக்குத் தெரியும், நான்தானே பிரிக்கிறேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அடித்த நீர்மூழ்கி இன்னும் அங்கேதான் எங்கோ கிடக்கும், அதைத் தேட இனி நாலு கப்பல் போக வேண்டும், அந்த நாலும் வேறு வேலைக்குக் கிளம்பினவை என்றேன். காது வேலைக் கப்பல் துணைக்கு இல்லாமல் பெரிய கப்பல் துறைமுகத்தை விட்டு நகராது. சரக்குக் கப்பல் அரிசியை வைத்துக்கொண்டு நிற்கும். ரிப்பேருக்கு வந்ததைப் பாதியில் பூட்டி வெளியே தள்ளுவார்கள், பாதியில் பூட்டின எஞ்சின் என்ன ஆகும் என்று மேலத்தெருக்காரனைக் கேளுங்கள் என்றேன். புதுக் கப்பல் கட்ட எத்தனை வருஷம்? கட்டினாலும் யார் ஓட்டுவது? நல்ல ஆளாகப் பொறுக்கித்தான் அங்கே போட்டிருப்பார்கள், மற்றவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் அங்கேதான் இருப்பான். அவன் போனால் இனி வருகிறவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? மிச்சக் கப்பலில் இருக்கிறவன் மீன் கூட்டம் போனாலும் எழுந்து உட்காருவான். தூங்க மாட்டான். தூங்காதவன் வால்வைத் தப்பாகத் திருப்புவான்.

"ஒண்ணுதானேங்கிறீங்க. ஒண்ணு போச்சுன்னா பத்துக் கப்பல் நொண்டும் சார்."

கடைக்காரர், "செல்லையா, டீ ஆறுது" என்றார். கிளாஸைத் தூக்கி வெளியே கொட்டினேன். கொட்டினது சங்கத்து ஆள் சைக்கிள் மேல். அவனிடம் தனியாக மன்னிப்பு.

வாத்தியார் படத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார், நம் பக்கத்தில். பிறகு என்ன நினைத்தாரோ, விரலால் அழித்துவிட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை.

14-12, செவ்வாய்

தபால்காரர் தெருமுனையிலிருந்தே மணி அடித்துக்கொண்டு வந்தார். "அஞ்சலை! பம்பாய் லெட்டரு!"

நான் ஷெட்டிலிருந்து வருவதற்குள் தெருவில் பாதி அங்கே. யாரோ அஞ்சலை வாயில் சர்க்கரை போடுகிறார்கள். ராஜம்மாள் அழுகிறாள். தபால்காரருக்குத் திருநீறு. "கடிதாசி வந்துருச்சு, ஆள் சௌக்கியம்." கடிதாசி எழுதின தேதியை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஆறாம் தேதி. வந்து சேர எட்டு நாள். எட்டு நாளில் என்னவெல்லாம் நடந்துவிட்டது. கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது.

அஞ்சலைக்கு இரண்டு பக்கம். நிலத்தைப் பற்றி: எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே, தையில் லீவு கிடைத்தால் அறுப்புக்கு வருகிறேன். வாய்க்கால் மடையில் நண்டு வளை இருந்தது, அடைத்தாயா. இப்படி.

உள்ளே மடித்த துண்டுக் காகிதம் ஒன்று, மேலே 'மச்சானுக்கு' என்று. அஞ்சலை கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"மச்சான், இங்கே பக்கத்துக் கப்பலில் எங்கள் ஆள் ஒருத்தனுக்கு வயிற்று ஆபரேஷன். என்னைப் பத்து நாள் இரவல் கேட்டிருக்கிறார்கள். இன்று சாயங்காலம் மாறுகிறேன். எந்தக் கப்பல் தெரியுமா? நீங்கள் கடைசியாக இருந்தது. நீங்கள் வெந்த பாய்லர் ரூமை இறங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அஞ்சலையிடம் சொல்ல வேண்டாம், விலாசம் மாறிவிட்டதோ என்று குழம்புவாள். கடிதம் பழைய விலாசத்துக்கே போடட்டும்."

மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"என்னண்ணே எழுதியிருக்காரு?"

"ஒண்ணுமில்ல. எஞ்சின் விஷயம். பண்ணை எஞ்சினுக்குக் கேஸ்கெட் பம்பாய்ல கெடைக்குமான்னு கேட்டிருந்தேன்."

"கெடைக்குமாமா?"

"பாக்குறேன்னு எழுதியிருக்கான்."

சரி என்று போய்விட்டாள். மத்தியானம் எஞ்சினில் போல்ட் முறுக்கும்போது முறிந்தது. என் கையாலேயே. பதினைந்து வருஷத்தில் ஒரு போல்ட் முறித்ததில்லை.

15-12, புதன்

மறுபடி தஞ்சாவூர். படைவீரர் குடும்பத்துக்கென்று இருக்கிற ஒரு ஆபீஸ். குமாஸ்தா நல்ல வெற்றிலை வாய்.

"உங்க ஆளு எந்தக் கப்பல்?"

சொன்னேன்.

"அந்தக் கப்பலுக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஆமாங்க. ஆனா அவன் அதுல இல்ல. முழுகிப் போன கப்பல்ல இருந்தான். இரவல்."

"பேரு எதுல இருக்கு?"

"இதுல."

"ஆளு?"

"அதுல."

"பேரு இதுல இருந்தா ஆளும் இதுலதான் சார் இருப்பாரு. நல்ல சேதியைப் போய் ஏன் கெட்ட சேதி ஆக்குறீங்க? வீட்டுக்குப் போங்க."

மேஜையைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல வந்தது. அவன் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் ஆத்திரம். பம்பாய்க்கே தெரிய நாளாகும். யார் பிழைத்தார், யார் எங்கே படுத்திருக்கிறார், யார் பேர் எந்தப் புத்தகத்தில், எல்லாம் ஒட்டுப்போட்டுப் பார்க்க வேண்டும்.

பாயிடம் துண்டுக் காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி படித்தார்.

"கொஞ்சம் பேரு தப்பிச்சிருக்காங்க செல்லையா. அவன் மேல இருக்கிற வேலைதானே?"

"மேல இல்ல பாய். அந்தக் காது ரூம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும், அதுவும் தளத்துக்குக் கீழேதான். அவர் அதைச் சொல்லாமல் விடப் பார்த்தார். நானும் அவனைச் சேர்க்கும்போது மேலே மேலே என்று சொன்னேனே தவிர, எத்தனை படி மேலே என்று போய்ப் பார்க்கவில்லை. பாய்லரை விட மேலே, அவ்வளவுதான் எனக்குக் கணக்கு.

ரயிலில் நினைத்தது:
ஆபரேஷன் ஆனவன் சீக்கிரம் எழுந்து, மாப்பிள்ளை திரும்பியிருக்கலாம்.
ஆறாம் தேதி மாறாமலே இருந்திருக்கலாம்.
தப்பித்தவர்களில் இருக்கலாம். நன்றாக நீந்துவான். வெண்ணாற்றில் வெள்ளத்தில் நீந்தினவன்.
கடிதமே வேறு யாராவது எழுதியிருக்கலாம். (எழுதி அடித்தேன். மூளை கெட்டுவிட்டது.)

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் பாக்கியம் கையில் அந்தத் துண்டு. பையிலேயே விட்டுவிட்டேன், துவைக்க எடுத்திருக்கிறாள்.

"இதை வச்சுக்கிட்டுத்தான் எல்லாரு மேலயும் எரிஞ்சு விழுறீங்களா? நீங்க கடைசியா இருந்த கப்பல் எதுங்க?"

சொன்னேன். சட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு உட்கார்ந்தாள்.

"அவகிட்ட சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? எனக்கே தெரியாததை?"

"தெரிஞ்சவரைக்கும் சொல்லுங்க."

"சேதி வரட்டும். வராமலும் போகலாம்."

பாக்கியம் எழுந்து போய் எனக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அது கத்துவதை விட மோசம்.

16-12, வியாழன்

மார்கழி ஒன்று. பனி. கோயிலில் ஸ்பீக்கர் விடியலிலேயே, ஊசி தேய்ந்த ரெக்கார்டு, ஒரே வரியில் நிற்கிறது. போய்த் தட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ரேடியோவில் சேதி. கிழக்கே அவன் படை சரணடைந்துவிட்டது. வெடி, மேளம். சங்கத்துக்காரனும் பண்ணை ஆளும் ஒரே டீக்கடையில் நின்று கை கொடுத்துக்கொண்டதை இன்றுதான் பார்த்தேன். வாத்தியார் என்னைக் கட்டிப்பிடித்தார். "உங்க ஆளுங்கதாம்பா!" என்றார். தலையை ஆட்டினேன்.

அஞ்சலை கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள். நெய் அதிகம். தலையில் பூ. இவ்வளவு சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகிறது. இரண்டு வாய் தின்றேன், இறங்கவில்லை. "இனிப்பு ஜாஸ்தி" என்று எரிந்து விழுந்தேன். பாக்கியம் என்னைப் பார்த்த பார்வை.

கா.கா. வந்தார், அதே காகிதத்தோடு. இந்த நாளில் கூட விடவில்லை.

"சண்டைதான் முடிஞ்சுதே. ஆளு வந்தா கப்பலா வயலான்னு ஒண்ணைச் சொல்லச் சொல்லு. ரெண்டு எடத்துல ஒருத்தன் இருக்க முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை சொன்னாள்: "அவரு வந்து சொல்லுவாருங்க. அதுவரைக்கும் சேத்துல நான் நிக்கிறேன். கேசரி சாப்பிட்டுப் போங்க."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

17-12, வெள்ளி

சண்டை நிறுத்தம். மேலத்தெரு எஞ்சின் ஓடுகிறது. பண்ணை எஞ்சின் கேஸ்கெட் வந்துவிட்டது, அளவு தப்பு.

இரண்டு தடவை அஞ்சலை வீட்டு வாசல் வரை போனேன். முதல் தடவை அவள் வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை மாப்பிள்ளையின் வெள்ளை உடுப்பை, போன லீவில் விட்டுப்போனது, கொடியில் காயப் போட்டிருந்தாள். என்ன என்று கேட்டாள். ஸ்பேனர் ஒன்று இங்கே விட்டேனா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஸ்பேனரை இவள் வீட்டில் நான் ஏன் விடப்போகிறேன்.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று பாக்கியத்திடம் சொன்னேன். "நேத்தும் இதைத்தான் சொன்னீங்க" என்றாள்.

18-12, சனி

தந்தி. பதினோரு மணிக்கு. தபால்காரர் மணி அடிக்காமல் வந்தார். ஷெட்டுக்குத்தான் வந்தார், என்னிடம்தான் நீட்டினார். பேர் அஞ்சலை பேர். பிரிக்கவில்லை. பிரிக்கவா வேண்டும்.

வயலுக்குப் போனேன். வரப்பில் பனி காய்ந்து வழுக்கவில்லை. பயிர் நன்றாக இருக்கிறது, கதிர் தள்ளுகிற நேரம். அஞ்சலை ஆள் விடாமல் தானே களை எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்துக்கு நான் வயல் பக்கம் வருகிறவன் இல்லை. தூரத்திலேயே பார்த்துவிட்டாள். களையைப் போட்டுவிட்டு, வாய்க்காலில் கையைக் கழுவி, கழுவின கையை மறுபடி கழுவினாள்.

"அஞ்சலை."

"சொல்லு."

தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், கப்பலில் வழக்கம் ஒன்று உண்டு என்று ஆரம்பிக்கிறேன், இரவல் என்று ஒன்று...

"தெரியும். உன் துண்டுக் காகிதத்தை நான்தான் மொதல்ல படிச்சேன். மடிச்சுத்தானே இருந்துச்சு, ஒட்டியா இருந்துச்சு?"

கையிலிருந்த தந்தியைப் பார்த்தேன்.

"அண்ணன் இருந்த கப்பலுக்குப் போறேன்னு எழுதியிருந்தாரு. அது எந்தக் கப்பலோ, என்ன பேரோ, எனக்கு என்ன தெரியும். சரி, அண்ணன் முகத்தைப் பார்ப்போம்னு எதிர்லயே நின்னேன். நீ படிச்சே. மடிச்சுப் பையில வச்சே. கேஸ்கெட்டுங்கிறே. கப்பல் தெரிஞ்ச ஆளு நீ. மோசமா இருந்தா நீ சொல்லாம இருப்பியா? அப்போ இது முழுகிப் போன கப்பல் இல்ல, வேறன்னு முடிவு பண்ணிக்கிட்டேன். நாலு நாளா அந்த நம்பிக்கையிலதாண்ணே சோறு தின்னேன்."

கையை நீட்டி, தந்தியை அவளே வாங்கிப் பிரித்தாள். இங்கிலீஷ். படிக்கச் சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். படித்தேன், இரவல் போனவன் திரும்பவில்லை.

டீக்கடையில் ஊருக்கே விளக்கிச் சொன்னேன். இவளிடம் நாலு நாளாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.